விழுந்தவர்கள் வென்ற சீசன்

முதல் டிவிஷனுக்கு ஏறிய வேகத்திலேயே வெளியே தள்ளப்பட்டது மிசோரத்தின் ஐஸ்வால் கிளப். மறு வருடமே அது இந்தியாவின் சாம்பியன். ஆனால் மைதானத்தில் ஜெயித்த இடத்தை மைதானத்துக்கு வெளியே காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை.

ஒரே ஒரு பாயின்ட். 2017 ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கின் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் ஐஸ்வால் கால்பந்துக் கிளப்புக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். தோற்காமல் இருந்தால் போதும், ஐ-லீக் கோப்பை கைக்கு வந்துவிடும். ஆனால் ஆட்டம் தொடங்கி ஒன்பதே நிமிடத்தில் ஷில்லாங் லஜோங் அணியின் கேமரூன் வீரர் திபாண்டா பந்தை வலைக்குள் தள்ளிவிட்டார். மிசோரத்திலிருந்து மலைப்பாதைகளில் பஸ்ஸிலும் காரிலும் வந்து சேர்ந்திருந்த ரசிகர்கள் வாயடைத்துப் போனார்கள்.

அதே நேரத்தில் கொல்கத்தாவில் மோகன் பகான், சென்னை சிட்டி அணியுடன் ஆடிக்கொண்டிருந்தது. ஐஸ்வாலைவிட மூன்று பாயின்ட் பின்தங்கியிருந்த மோகன் பகான் ரசிகர்களுக்கு ஒரு காது கொல்கத்தாவில், ஒரு காது ஷில்லாங்கில். நூற்றாண்டைத் தாண்டிய கிளப் அது. 1911இல் வெறுங்காலுடன் ஆடி வெள்ளைக்கார ராணுவ அணியை வென்ற பெருமை கொண்டது. அதன் எதிரே நிற்பது, ஒரு வருடத்துக்கு முன்பு லீகிலிருந்தே கழற்றிவிடப்பட்ட ஒரு மலையூர் கிளப்.

67ஆவது நிமிடத்தில் வில்லியம் லால்நுன்ஃபெலா கோல் அடித்தார். 1-1. கொல்கத்தாவில் மோகன் பகான் ஜெயித்தும் பிரயோஜனமில்லை. ஐஸ்வால் 37 பாயின்ட், மோகன் பகான் 36. இந்தியாவின் தேசிய லீக் பட்டம் முதல் தடவையாக வடகிழக்கு மாநிலம் ஒன்றுக்குப் போனது.

இங்கிலாந்தில் அதற்கு முந்தைய வருடம் லெஸ்டர் சிட்டி யாரும் எதிர்பாராமல் சாம்பியனாகியிருந்தது. பத்திரிகைகள் உடனே ஐஸ்வாலை 'இந்தியாவின் லெஸ்டர்' ஆக்கிவிட்டன. ஒப்பீடு கவர்ச்சியானதுதான். ஆனால் லெஸ்டர் கீழ் டிவிஷனுக்குப் போகாமல் தப்பித்து மறு வருடம் ஜெயித்த அணி. ஐஸ்வால் தப்பிக்கவில்லை. நிஜமாகவே விழுந்தது.

கதை 2015இல் தொடங்குகிறது. 1984இல் தோன்றிய ஐஸ்வால் கிளப், அந்த வருடம் ஐ-லீக் இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பிடித்தது. தேசிய லீகின் மேல்தட்டுக்கு ஏறிய முதல் மிசோரம் கிளப் அதுதான். சுமார் 11 லட்சம் பேர் வாழும் சின்ன மாநிலத்துக்கு இது திடீர் அதிர்ஷ்டம் அல்ல. 2012இல் மிசோரம் பிரீமியர் லீக் தொடங்கியிருந்தது. உள்ளூர் கேபிள் சேனல் ஆட்டங்களை நேரடியாக ஒளிபரப்ப, வீட்டுக்கு வீடு கால்பந்து பேச்சு. 2014இல் மிசோரம் அணி இறுதி ஆட்டத்தில் ரயில்வேயை வென்று சந்தோஷ் டிராபியைத் தூக்கியது.

அதற்கு முன்பும் மிசோரத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அவர்கள் பிழைப்புக்கு மலையிறங்க வேண்டியிருந்தது. ஷைலோ மால்சாம்ட்லுவாங்கா 2000களின் தொடக்கத்திலேயே ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அவர் காட்டிய வழியில் எத்தனையோ பேர் போனார்கள். சென்னையின் எஃப்.சி. ரசிகர்கள் கொண்டாடிய ஜெஜே லால்பெக்லுவாவும் அந்த மண்ணின் பிள்ளைதான். சொந்த ஊர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டே தேசிய லீகில் ஆடலாம் என்ற நிலைமை 2015க்குப் பிறகுதான் வந்தது.

ஏறிய பிறகு காத்திருந்தது கஷ்டம். 2015-16 சீசனில் ஐ-லீகில் மொத்தமே ஒன்பது அணிகள். நட்சத்திர வீரர்களையும் பெரிய ஸ்பான்சர்களையும் வைத்திருக்கும் கொல்கத்தா, பெங்களூர், கோவா அணிகளுக்கு எதிரே ஐஸ்வாலின் கையில் இருந்ததெல்லாம் இளம் மிசோ பையன்களும் சில வெளிநாட்டு வீரர்களும்தான். புது அணிகளுக்கே உரிய வியாதி அதையும் பிடித்தது. நன்றாக ஆடும், ஆனால் பாயின்ட் சேராது. சீசன் முடிந்தபோது எட்டாவது இடம்.

எட்டாவது என்றால் கடைசிக்கு முந்தைய இடம். கடைசி இடத்தில் இருந்தது புனேயின் டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ். ஆனால் கீழே இறக்கப்பட்டது ஐஸ்வால்! காரணம் விதிப் புத்தகத்தில் இருந்தது. டி.எஸ்.கே. கீழ் டிவிஷனில் ஆடி மேலே வந்த அணி அல்ல. கம்பெனி பின்பலத்துடன் நேரடியாக லீகில் சேர்த்துக்கொள்ளப்பட்ட அணி. இப்படி வருகிற அணிகளைத் தொடக்க வருடங்களில் கீழே இறக்கக் கூடாது என்று விதி. படிப்படியாக ஏறி வந்தவனுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆக, கடைசியாக வந்தவர் உள்ளே, அவருக்கு முன்னால் வந்தவர் வெளியே.

அந்த அணி வெறும் சோப்ளாங்கி இல்லை என்பது அதே சீசனின் கடைசியில் தெரிந்தது. ஃபெடரேஷன் கோப்பையில், அப்போதுதான் ஐ-லீகை வென்றிருந்த பெங்களூர் எஃப்.சி.யை ஐஸ்வால் வெளியேற்றியது. அரையிறுதியில் ஸ்போர்ட்டிங் கோவா வீழ்ந்தது. 2016 மே மாதம் குவஹாத்தியில் நடந்த இறுதி ஆட்டத்தில் மோகன் பகானிடம் 0-5 என்று படுதோல்வி. அன்று மோகன் பகானுக்காக கோல் அடித்தவர்களில் மிசோரத்தின் ஜெஜேவும் ஒருவர். கோப்பை இறுதி வரை வந்த அணிக்கு லீகில் இடம் இல்லை என்ற விசித்திரம் அத்துடன் உறுதியானது.

கிளப்பின் உரிமையாளர் ராபர்ட் ரொமாவியா ராய்ட்டே சும்மா இருக்கவில்லை. நேரடியாக வருபவருக்கு ஒரு நியாயம், ஆடி வருபவருக்கு ஒரு நியாயமா என்று அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். கதவு திறந்தது, ஆனால் திறந்தவர்கள் வேறு. லீகின் எதிர்காலம் பற்றிச் சம்மேளனம் போட்ட திட்டங்களில் நம்பிக்கை இழந்த கோவா கிளப்புகள் வரிசையாக விலகின. சல்காவ்கர் போனது, ஸ்போர்ட்டிங் கோவா போனது. இரண்டாம் டிவிஷனை வென்று மேலே வர வேண்டிய டெம்போவும் வேண்டாம் என்றது. ஆட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. ஐஸ்வால் திரும்ப அழைக்கப்பட்டது. அந்த சீசனில் மினர்வா பஞ்சாபும் சென்னை சிட்டியும் நேரடி நுழைவில் வந்தன. மொத்தம் பத்து அணிகள்.

இந்த இடத்தில் கதைக்குள் வருகிறார் காலித் ஜமீல். குவைத்தில் பிறந்து, மும்பையில் மஹிந்திரா யுனைடெட்டுக்கு ஆடி, காயத்தால் சீக்கிரமே பூட்ஸைக் கழற்றியவர். மும்பை எஃப்.சி.யின் பயிற்சியாளராக ஏழு வருடம் இருந்தார். சொற்ப பட்ஜெட்டில் ஒவ்வொரு வருடமும் அணியைக் கீழே விழாமல் காப்பதுதான் அவருடைய வேலை. கவர்ச்சியில்லாத ஆட்டம் என்று விமர்சனமும் வாங்கினார். 2016இல் அந்த வேலையும் போனது. வேலை இழந்த கோச்சும் இடம் இழந்த கிளப்பும் ஒன்று சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஜமீல் கையோடு மும்பையிலிருந்து ஜயேஷ் ராணே, அசுதோஷ் மேத்தா போன்றவர்களை அழைத்து வந்தார். கோல் கம்பத்தில் கோவாவின் அல்பினோ கோம்ஸ். நடுக்களத்தில் சிரியாவின் மஹ்மூத் அல் அம்னா, லைபீரியாவின் ஆல்ஃபிரெட் ஜார்யன். முன்வரிசையில் ஐவரி கோஸ்ட்டின் காமோ பாயி. இவர்களைச் சுற்றி லால்ருவத்தாரா, பிராண்டன் வன்லால்ரெம்டிகா என்று ஓட்டத்துக்கு அஞ்சாத மிசோ இளைஞர்கள். மொத்த பட்ஜெட் ஏறத்தாழ 2 கோடி ரூபாய் என்று அப்போது செய்திகள் வந்தன. பெரிய கிளப்புகள் ஒன்றிரண்டு வெளிநாட்டு வீரர்களுக்கே கொட்டிக் கொடுக்கும் பணம் அது.

ஆட்டத்திலும் ரகசியம் எதுவும் இல்லை. முதலில் தற்காப்பு. பந்து கிடைத்ததும் பக்கவாட்டில் பறக்கும் மிசோ கால்கள். எங்கே அனுப்ப வேண்டும் என்று நடுவில் தீர்மானிக்கும் அல் அம்னா. 18 ஆட்டங்களில் ஐஸ்வால் அடித்தது 24 கோல்தான், ஆட்டத்துக்கு ஒன்றரைகூட இல்லை. வாங்கியது 14. பதினொரு வெற்றி, நான்கு டிரா, மூன்றே தோல்வி. விழாமல் காக்க ஏழு வருடம் கற்ற வித்தையை ஜமீல் ஜெயிப்பதற்குப் பயன்படுத்தினார்.

தொடக்க ஆட்டமே கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலுடன். 1-1 டிரா. அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மாதங்கள் ஓடின. பட்டியலின் உச்சியில் மோகன் பகானுடன் ஐஸ்வாலின் பெயரும் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஏப்ரல் 22 அன்று இரண்டும் ஐஸ்வாலின் ராஜீவ் காந்தி ஸ்டேடியத்தில் மோதின. மலைச்சரிவில் அமைந்த அந்த மைதானத்தில் இடமில்லாமல் கூட்டம். 83ஆவது நிமிடம் வரை கோல் இல்லை. அப்போது தற்காப்பு வீரர் சோமிங்லியானா ரால்டே தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. 1-0. எட்டு நாள் கழித்து ஷில்லாங்.

இத்துடன் முடிந்திருந்தால் சினிமாக் கதை. ஆனால் இந்தியக் கால்பந்தில் கோப்பை வாங்கிய மறுநாள்தான் நிஜக் கதை தொடங்கியது. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் அப்போது பணத்திலும் பகட்டிலும் ஐ-லீகை விழுங்கிக்கொண்டிருந்தது. அங்கே அணிகள் ஏலத்தில் வாங்கப்பட்டவை. ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. 2017-18 சீசனுக்கு சூப்பர் லீகை விரிவுபடுத்தியபோது, கட்டணம் கட்டிய பெங்களூர் எஃப்.சி.யும் ஜாம்ஷெட்பூரும் உள்ளே போயின. நாட்டின் நடப்பு சாம்பியன் வெளியே நின்றது. போராட்டத்தில் இறங்குவோம் என்று ராய்ட்டே எச்சரித்தார். பலன் இல்லை.

அணி கலைந்தது. ஜமீல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார், அல் அம்னாவும் பிராண்டனும் கூடவே போனார்கள். ஜயேஷ் ராணே கொல்கத்தாவின் ஏ.டி.கே.க்கு. லால்ருவத்தாரா கேரளா பிளாஸ்டர்ஸுக்குப் போய், அந்த சீசன் சூப்பர் லீகின் வளரும் வீரர் விருதை வாங்கினார். எஞ்சிய அணியை வைத்துக்கொண்டு ஐஸ்வால் 2018 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஈரானின் ஸோப் ஆஹனைச் சந்தித்து 1-3 என்று தோற்றது. சாம்பியன் என்ற முறையில் கிடைத்த ஆசிய வாய்ப்பு, சாம்பியன் அணியே இல்லாத நேரத்தில் வந்தது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கீழே இறக்க முடியாதென்று பாதுகாக்கப்பட்ட டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் 2017க்குப் பிறகு ஐ-லீகிலேயே இல்லை. ஜமீலை வேண்டாம் என்ற மும்பை எஃப்.சி., ஐஸ்வால் முதலிடம் பிடித்த அதே சீசனில் கடைசி இடத்துக்குப் போய்க் கடையை மூடியது. ஐஸ்வால் கிளப் மூடவில்லை. ஆட்களை இழந்தாலும் ஐ-லீகில் தொடர்ந்தது.

2019-20 முதல் சூப்பர் லீக்தான் நாட்டின் முதல் டிவிஷன் என்று அறிவிக்கப்பட்டது. ஐஸ்வால் அசையாமல் நின்ற இடத்திலேயே இரண்டாம் டிவிஷன் ஆனது. ஐ-லீகை ஜெயிப்பவர் மேலே போகலாம் என்ற வழி 2023இல்தான் திறந்தது. அதில் முதலில் ஏறியது பஞ்சாப் எஃப்.சி., அடுத்த வருடம் முகமதன் ஸ்போர்ட்டிங். 130 வருடம் கடந்த முகமதனுக்கு சூப்பர் லீகின் முதல் சீசன், 2024-25, ஐஸ்வாலின் 2015-16ஐவிட மோசம். 13 அணிகளில் 13ஆவது இடம். ஆனால் சூப்பர் லீகில் அப்போது ஏற்றம் மட்டுமே உண்டு, இறக்கம் கிடையாது. கடைசியில் வந்ததற்காக முகமதன் வெளியே போகவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் கடைசிக்கு ஒரு படி மேலே நின்றதற்காக ஐஸ்வால் வெளியே போனது. மறு வருடம் உச்சியில் நின்றதற்காக உள்ளே போகவும் இல்லை.

காலித் ஜமீல் மட்டும் மேலே போய்க்கொண்டே இருந்தார். வடகிழக்கு யுனைடெட், ஜாம்ஷெட்பூர் என்று சூப்பர் லீகில் பயிற்சியாளராக இருந்தவரை 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது சம்மேளனம். அவர் பெயருக்குப் பக்கத்தில் பத்திரிகைகள் அன்றும் தவறாமல் எழுதிய தகுதி ஒன்று: 2017, ஐ-லீக் சாம்பியன், ஐஸ்வால்.