சைபரும் வராமையும்

இவ்வாண்டு எங்கள் கணிப்பொறி வகுப்பில் ஒரு தவறு நேர்ந்தது. செய்தவர்கள் நாங்களே. ஆகையால் அதை விளக்கும் பொறுப்பும் எங்களுடையதாயிற்று.

ஜாவாஸ்கிரிப்ட் என்பது 1995-ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் முதல் வடிவம் கொடுத்த மொழி. அதில் 'ஆப்ஜெக்ட்' என்பது ஒரு விவர அட்டை போன்றது. பெயர், வகுப்பு, ஊர், மதிப்பெண் என அட்டையில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு 'ப்ராப்பர்ட்டி', அதாவது பண்பு. கட்டளைச் சொற்கள் ஆங்கிலந்தான். ஆனால் பண்புகளின் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். இது தெரிந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல!

கணக்குத் தேர்வுக்கு நாங்கள் எழுதிய நிரல் இது: மாணவியின் அட்டையில் 'கணக்கு' இருந்தால் மதிப்பெண்ணை அச்சிடு, இல்லையேல் 'தேர்வுக்கு வரவில்லை' என்று அச்சிடு. பட்டியல் அழகாகவே வந்தது. மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தயங்கித் தயங்கி எங்களிடம் வந்தாள்.

"அக்கா, நான் அன்றைக்கு வந்தேன். பரீட்சையும் எழுதினேன். சைபர்தான் வாங்கினேன். வரவில்லை என்று வீட்டுக்குக் கடிதம் போனால், பஸ் ஏறி எங்கே போனாய் என்று அப்பா கேட்பாரே!"

கடிதங்களை உடனே நிறுத்தி வைக்குமாறு சிஸ்டரிடம் ஓடிச் சொன்னோம்.

நடந்தது இதுதான். பண்பு இருக்கிறதா என்று கேட்பதாக நினைத்து, அதன் மதிப்பு என்ன என்று கேட்டுவிட்டோம். 'இஃப்' கட்டளைக்குள் வந்தால் 0, வெற்றுச் சொல் முதலியவற்றை ஜாவாஸ்கிரிப்ட் 'இல்லை' என்றே கொள்ளும்.

'அன்டிஃபைன்ட்' என்ற மதிப்போடு ஒப்பிட்டால் போதாதா என்றாள் ஒரு தோழி. சைபர் தப்பிவிடும், உண்மைதான். ஆனால் பண்பு இருந்து, அதன் மதிப்பே அன்டிஃபைன்ட் ஆகவும் இருக்கலாம். அலமாரியில் பால்கோவாப் பெட்டி காலியாக இருப்பது வேறு, பெட்டியே இல்லாதிருப்பது வேறல்லவா?

'இன்' என்னும் சொல் பெட்டி உண்டா என்று மட்டுமே கேட்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் இராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்வோம். (2005-இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற பெருமை அதற்கு உண்டு.) வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு ஆகியவற்றை இனத்திற்கென ஓர் அட்டையில் எழுதி, குட்டியின் அட்டையை அதனோடு இணைத்தோம். குட்டியின் அட்டையில் பெயரும் வயதும் மட்டுமே. 'நிறம்' உண்டா என்று 'இன்' கொண்டு கேட்டால், 'உண்டு' என்றே விடை வரும். தன்னிடம் இல்லாததை மொழி தாய் அட்டையில் போய்த் தேடுகிறது. இதற்கு 'ப்ரோட்டோடைப்' தொடர் என்று பெயர். நாம் எழுதாத 'டூஸ்ட்ரிங்' என்பதுகூட இவ்வழியில் சாதாரணமாக எல்லா அட்டைகளிலும் உண்டு.

சொந்தப் பண்பா என்று அறிய 1999 முதல் 'ஹேஸ்ஓன்ப்ராப்பர்ட்டி' இருந்து வருகிறது. ஆனால் அதுவும் தாய் அட்டையிலிருந்து வருவதே! தாயே இல்லாத அட்டையில் அதைக் கூப்பிட்டால் பிழை வரும். அதே பெயரில் அட்டையிலேயே ஒரு பண்பு இருந்தாலும் குழப்பந்தான். எனவே 2022-இல் 'ஆப்ஜெக்ட்.ஹேஸ்ஓன்' சேர்க்கப்பட்டது. அட்டையையும் பண்பின் பெயரையும் கொடுத்தால், தாயைக் கேளாமல் அதுவே பார்த்துச் சொல்லும்.

ஒரு வரியைத்தான் மாற்றினோம். உண்மையில் வராத இருவருக்கு 'வரவில்லை' என்றும், அச்சிறுமிக்கு 0 என்றும் வந்தது. பட்டியலை விரல் வைத்துப் பார்த்தவள், "இப்போ சரி அக்கா" என்று சொல்லிவிட்டு மாலைப் பஸ்ஸுக்கு ஓடினாள்.