வீட்டோடு மலையேறினோம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வீட்டைச் சக்கரத்தின்மேல் கட்டி, மலையேற்றிப் பார் என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. அந்தக் கஷ்டம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. நமக்கு வாய்த்தது.

நம் நண்பர் ஒருவர் பெரிய வேன் ஒன்றை வாங்கி, அதற்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிக்கும் அறை எல்லாம் அமைத்துக்கொண்டார். இதற்குக் 'கேரவன்' என்று பெயர். சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பின் நடுவே இளைப்பாறும் வண்டி என்று இந்தச் சொல்லை நேயர்கள் அறிந்திருப்பார்கள். இப்போது குடும்பஸ்தர்களும் இதில் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார்கள். கேரள அரசாங்கம் 2021-ம் வருஷத்தில் கேரவன் யாத்திரைக்கென்றே ஒரு திட்டம் வகுத்தது.

வேலூரிலிருந்து ஏலகிரிக்குப் போய் இரண்டு இரவு தங்குவதாக ஏற்பாடு. நண்பர், அவருடைய மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாயார், நாம்.

பாட்டியம்மாள் கேட்ட கேள்வி

புறப்படும் தினத்தன்று வண்டிக்குள் ஏறாத சாமான் இல்லை. ஊறுகாய் மூன்று வகை, முறுக்கு ஒரு டின், சீட்டுக் கட்டு, காமிரா! எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பாட்டியம்மாள் மெதுவாகக் கேட்டாள்:

"ஏண்டாப்பா, உன் தாத்தா வில்வண்டி பூட்டினால் முதலில் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பார், மை போட்டாச்சா என்று பார்ப்பார், அப்புறந்தான் எங்களை ஏறச் சொல்லுவார். நீ எதைப் பார்த்தாய்?"

"இது மோட்டார் அம்மா! இதற்குக் கடையாணி கிடையாது" என்றார் நண்பர்.

நாம் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காக மறுநாளே வெட்கப்பட வேண்டி வந்தது.

வாணியம்பாடியில் ஒரு பாடம்

ஆம்பூரைத் தாண்டி வாணியம்பாடியை நெருங்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. சாலையோரப் பட்டறையில் நிறுத்தினோம். பட்டறைக்காரர் நரைத்த தாடியுள்ள முதியவர். ஒரு டயரில் காற்று குறைந்திருந்தது. "ஜாக்கி இருக்குதா, ஸார்?" என்று கேட்டார். நண்பர் பெருமையுடன் எடுத்துக் கொடுத்தார்.

பெரியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "இது உங்க பழைய காரைத் தூக்கும், ஸார். இந்த வீட்டைத் தூக்காது."

"என்ன பாய், ஜாக்கியில் கூடவா வித்தியாசம்?"

"தூக்குற பாரம் வித்தியாசம் இல்லையா?"

நியாயமான பதில். கட்டில், அலமாரி, பாத்திரம் எல்லாம் பாரந்தான். தண்ணீரே லிட்டருக்கு ஒரு கிலோ. நூறு லிட்டர் தொட்டியை நிரப்பினால் நூறு கிலோ. அதாவது, டிக்கெட் வாங்காத பிரயாணி ஒன்றரைப் பேர்! மலையேறுகிறவர்கள் வழிக்கு வேண்டிய தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே போய்த் தொட்டியை நிரப்பிக்கொள்வது உத்தமம்.

பிறகு பெரியவர் டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருஷம். 2319 என்றிருந்தால் 2019-ம் வருஷத்து இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்த டயர். கேரவன் வருஷத்தில் பாதி நாள் நின்றே கிடக்கும் வண்டியாகையால், அதன் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடுகிறது. பள்ளங்கள் ஆழமாய் இருக்கின்றனவே என்று ஏமாறக் கூடாது. வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பிரேக் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தார். எண்ணெய் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. "இதோடு மலைக்குப் போகாதீங்க" என்றார்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. 'டாட் 3' என்னும் ரகம் புதிதாக இருக்கையில் 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கலாகாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகோ அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மலையிறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் மிதித்தால் சக்கரத்தருகே அவ்வளவு சூடும் எளிதில் உண்டாகும். எண்ணெய் கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், மிதித்த கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றிவிட்டால் இந்த அபாயம் வெகுவாகக் குறையும்.

எண்ணெய் மாற்ற இரண்டு மணி நேரமாயிற்று. சூரியாஸ்தமனம் தவறிப்போகிறதே என்று நண்பர் முணுமுணுத்தார். பாட்டியம்மாள் மட்டும், "அதுதாண்டா கடையாணி!" என்றாள்.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்?

அந்த இரண்டு மணி நேரத்தில் பெரியவரிடம் கேட்டுக்கொண்டவற்றை நேயர்களுக்கும் சொல்லி வைக்கிறோம்.

பாரம் தாங்கும் ஜாக்கி. அதன் அடியில் வைக்கக் கனமான பலகை. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க நான்கு கட்டைகள். காற்று நிரம்பிய ஸ்டெப்னி. காற்றழுத்தம் பார்க்கும் கருவி. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் நட்டுகளை எதிரும் புதிருமாக முடுக்கி, ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் முடுக்க வேண்டும். ஸ்பானர் வரிசை, திருப்புளி, குறடு, சுத்தியல், இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி, பியூஸ்கள், பல்புகள், டார்ச் விளக்கு, இழுவைக் கயிறு, சிவப்பு முக்கோணப் பலகை, முதலுதவிப் பெட்டி, தீயணைக்கும் கருவி. தோல் கையுறை ஒரு ஜோடி. ஆம்பூர் வழியாகப் போகிறவர்கள் இதை மறந்தால் மன்னிப்பே கிடையாது!

வீட்டம்மாக்கள் கவனிக்க வேண்டியது அடுப்பு. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கி நிற்கும். ஆகையால், சிலிண்டர் வைக்கும் அறையின் அடியில் காற்றுத் துவாரம் அவசியம். அதைச் சாக்கினால் அடைக்கக் கூடாது. இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். நெருப்புக் குச்சியால் சோதிப்பவர் இரண்டாம் முறை சோதிக்கமாட்டார். வண்டி ஓடும்போது சிலிண்டரின் வாயை மூடிவிட வேண்டும்.

மின்சாரத்துக்குச் சிறிது மனக்கணக்குப் போதும். 12 வோல்ட் பாட்டரியில் 24 வாட் விசிறி இரண்டு ஆம்பியர் எடுக்கும். எட்டு மணி நேரம் சுழன்றால் பதினாறு ஆம்பியர்-மணி. நூறு ஆம்பியர்-மணியுள்ள ஈய பாட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம். அதற்குமேல் இறக்கினால் ஆயுள் குறைந்துவிடும். அப்படியானால் விசிறி ஒன்றுக்கு மூன்று இரவு தாங்கும். இரண்டு விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் வேண்டுமென்றால் ஒரு இரவே சந்தேகந்தான்.

மலைமேல்

பொன்னேரியிலிருந்து ஏறினோம். ஏலகிரிப் பாதையில் பதினான்கு கொண்டையூசி வளைவுகள். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை அவற்றுக்குச் சூட்டியிருக்கிறார்கள். நீண்ட வண்டியின் பின்பகுதி வளைவில் வெளியே வீசும். எதிரே வருகிறவர்களுக்கு வழிவிட்டு அகலமாகத் திருப்பினோம்.

ஏறத்தாழ 3,500 அடி உயரம். அங்கே தண்ணீர் நூறு டிகிரியில் அல்ல, தொண்ணூற்றாறு தொண்ணூற்றேழு டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமானதற்கு அடுப்பை வைதுகொண்டிருந்த நண்பரின் மனைவிக்கு இந்தச் செய்தி ஆறுதல் அளித்தது. குக்கர் கொண்டு போவது நலம். அத்தனாவூர் அருகே புங்கனூர் ஏரிக்குச் சமீபத்தில் இரண்டு இரவும் ஆனந்தமாய்க் கழிந்தன.

குளித்த நீரையும் கழிவறைத் தொட்டியையும் எங்கே காலி செய்வது என்ற கேள்வி வந்தது. "ஏரிப் பக்கம் திறந்துவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று நண்பர் விளையாட்டாகச் சொன்னார். நாம் பாலாற்றை ஞாபகப்படுத்தினோம். 'யார் பார்க்கிறார்கள்' என்று விட்ட தோல் பதனிடும் கழிவுநீர்தான் கீழே அந்தப் பள்ளத்தாக்கின் கிணறுகளைக் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் வழக்காடி, 1996-ம் வருஷம் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றார்கள். மாசுபடுத்தியவனே நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். தொட்டியை மூடியபடி வைத்திருந்து, விடுதி ஒன்றில் அனுமதி பெற்று, அவர்களுடைய கழிவறைக் குழாயில் காலி செய்தோம்.

இறங்கும்போது

இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியர். பிரேக்கை அழுத்திக்கொண்டே இராமல், அவ்வப்போது அழுத்தி விட்டோம். பாதி வழியில் ஒரு வளைவுக்கு அப்பால் வேறொரு வேன் ஓரமாக நின்றிருந்தது. முன் சக்கரங்களிலிருந்து புகை. பிரேக் மிதி கீழே போய்விட்டதாம். ஓட்டியவர் கைப்பிரேக்காலும் மண்மேட்டாலும் எப்படியோ நிறுத்தியிருக்கிறார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு குழந்தைகள் அழுதன.

அகலமான இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடினோம். நம்முடைய கட்டைகளில் இரண்டை அந்தச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தோம். வளைவுக்கு முன்னே முக்கோணப் பலகையை வைத்தோம். காய்ந்த சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போன ஒருவரைத் தடுத்தோம். திடீரென்று குளிர்ந்தால் இரும்பு வெடிக்கும். பட்டறையிலிருந்து ஆள் வரும்வரை அந்த வண்டி அசையக் கூடாது என்று சொன்னோம். நண்பரின் மனைவி பால் காய்ச்சினாள். சக்கரத்தின்மேல் வீடு இருப்பதன் உண்மையான பிரயோஜனம் அப்போதுதான் விளங்கியது.

ஆள் வந்ததும் புறப்பட்டோம். கட்டைகளைத் திரும்ப வாங்க மறந்துவிட்டோம் என்பது அடிவாரத்தில்தான் நினைவுக்கு வந்தது.

"போனால் போகட்டும், வேறு செய்துகொள்ளலாம்" என்றார் நண்பர்.

அடுத்த யாத்திரைக்கு நாள் பார்த்திருக்கிறார்கள். இம்முறை முறுக்கு டின்னுக்கு முன்பாகவே புதுக் கட்டைகள் நான்கும் வண்டியில் ஏறிவிட்டன. ஏற்றியவள் பாட்டியம்மாள்.