உயிரணுவுக்குள் ஒளிரும் அயனி

1883ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் சிட்னி ரிங்கர், தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் துடிக்க வைத்து ஆராய்ந்து வந்தார். குழாய்நீரில் கலந்த கரைசலில் அது நெடுநேரம் துடித்தது. வாலைவடி நீரில் கலந்த கரைசலிலோ விரைவில் ஓய்ந்தது. குழாய்நீரில் இருந்த கால்சியமே காரணம் என அவர் கண்டறிந்தார். ஆயினும் அந்தக் கால்சியம் உயிரணுவுக்குள் எப்போது, எவ்வளவு எழுகிறது என்பதை எளிதில் காண ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின.

இத்தனை காலம் ஏன் ஆயிற்று? திசுவை எரித்துச் சாம்பலாக்கி அளந்தால் அதிலுள்ள மொத்தக் கால்சியம் தெரிந்துவிடும். ஆனால் அதற்குள் உயிர் போய்விடும்! மேலும், உடலை இயக்குவது மொத்தக் கால்சியமன்று. எதனுடனும் பிணையாது திரியும் கால்சியம் அயனியே. ஓய்ந்திருக்கும் உயிரணுவுக்குள் அது லிட்டருக்கு 100 நானோமோல் அளவில்தான் உள்ளது. வெளியே அதைப்போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு இருக்கிறது. உயிரணுவுக்குள்ளேயே, அதே மின்னூட்டம் கொண்ட மக்னீசியம் பல்லாயிரம் மடங்கு மிகுந்து நிற்கிறது.

1962இல் ஒசாமு ஷிமோமுராவும் உடன் ஆய்ந்தோரும் ஜெல்லிமீனிலிருந்து ஈகோரின் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்தனர். கால்சியம் பட்டால் அது ஒளிரும். ஆனால் அதனை ஊசியால் செலுத்த வேண்டியிருந்ததால் பெரிய உயிரணுக்களுக்கே அது பயன்பட்டது.

இத்தடையைக் கடந்தவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் அப்போது ஆய்வு செய்துகொண்டிருந்த ரோஜர் சியென். கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் ஈ.ஜி.டி.ஏ. என்னும் சேர்மம் வேதியியலார் முன்பே அறிந்தது. ஆனால் அதன் பிடியில் ஹைட்ரஜன் அயனிகள் குறுக்கிட்டன. சியென் அதன் அமைப்பைத் திருத்தி, ‘பாப்டா’ என்ற சேர்மத்தை 1980இல் அறிவித்தார். அதன் பிடி கால்சியத்திற்கு நன்கு பொருந்துகிறது. உருவில் சிறிய மக்னீசியம் அதில் சரியாக அமர்வதில்லை. இதே அமைப்பில் ஒளிரும் பகுதியையும் இணைத்தபோது குவின்-2 என்னும் துலக்கி உருவாயிற்று.

மின்னூட்டம் கொண்ட இப்பொருள் உயிரணுவின் சவ்வை எவ்வாறு கடக்கும்? இதற்கு 1981இல் சியென் கண்ட வழி நம்மை வியக்க வைக்கிறது. துலக்கியின் அமிலப் பகுதிகளை எஸ்டராக மாற்றி மின்னூட்டத்தை மறைத்தார். மறைப்புடன் அது சவ்வை எளிதில் கடக்கும். உள்ளே உயிரணுவின் நொதிகளே மறைப்பை வெட்டி நீக்கும். பிறகு அதனால் எளிதில் வெளியேற இயலாது. ஊசியே வேண்டியதில்லை.

குவின்-2இன் ஒளி மங்கலானது. எனவே அதை மிகுதியாகச் செலுத்த நேர்ந்தது. அதுவோ அளக்க வேண்டிய கால்சியத்தையே பெருமளவு பற்றிக்கொண்டு, அதன் எழுச்சியை மழுங்கடித்தது. 1985இல் வந்த பியூரா-2 பன்மடங்கு ஒளிமிக்கது. ஆதலால் சிறிதளவே போதும். கால்சியம் சேர்ந்த நிலையில் அது 340 நானோமீட்டர் ஒளியையும், சேராத நிலையில் 380 நானோமீட்டர் ஒளியையும் மிகுதியாக ஏற்கிறது. இரு நிலைகளிலும் 510 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை உமிழ்கிறது. இரண்டு அளவீடுகளின் விகிதத்தைக் கொண்டால், உயிரணு தடித்ததா மெலிந்ததா, துலக்கி கூடிற்றா குறைந்ததா என்ற ஐயங்கள் பெரும்பாலும் நீங்கிவிடுகின்றன.

இவை தனி உயிரணுக்களின் கதை. திசுவின் ஆழத்தில் ஒளி சிதறிவிடும். 1990இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான இருபோட்டான் நுண்ணோக்கி இதற்கு வழி திறந்தது. 2001இல் ஜப்பானியர் அறிவித்த ஜிகேம்ப் என்னும் புரதத் துலக்கியை விலங்கின் உயிரணுக்களே ஆக்கித் தருமாறு செய்யலாம்.

துத்தநாகத்திற்கும் நல்ல துலக்கிகள் உள்ளன. செம்பும் இரும்பும் கடினமானவை; ஏனெனில் அவற்றின் அயனிகள் பல ஒளிர்வையே அணைத்துவிடுகின்றன. ஆண்டுதோறும் புதிய துலக்கிகள் அறிவிக்கப்படுகின்றன. அவற்றுள் பல, வெளியிலிருந்து உலோகம் மிகுதியாக ஊட்டப்பட்ட உயிரணுக்களில் மட்டுமே ஒளிர்ந்து காட்டியவை. அழகிய படத்தைக் கண்டவுடன், உலோகம் ஊட்டப்படாத உயிரணுவில் இது என்ன காட்டியது என்று நாம் கேட்பது முறை.