உப்புக் காற்றிலும் பூக்கும் நித்தியகல்யாணி

சுருளியாற்று நீர் பாயும் நம் ஊரில் பூச்செடி வளர்ப்பது அரிதன்று. கடலோர ஊர்களில் உறவினர் உள்ள தோழியருக்கு அங்குள்ள தொல்லை தெரியும். மணலில் நீர் நிற்காது. உப்புக் காற்றில் பல செடிகளின் இலைகள் கருகிவிடும். அங்கும் ஆண்டு முழுவதும் பூப்பது நித்தியகல்யாணி. இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு.

முற்றிய காய்களின் விதையை மணல் கலந்த மண்ணில் தூவி, மெல்லிதாக மண்ணால் மூட வேண்டும். வெளிச்சம் படாவிட்டால்தான் விதை நன்கு முளைக்கும். நாற்றுகளை வெயில் படும் இடத்தில் ஓரடி இடைவெளியில் நட வேண்டும். நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைகள் பெருகும். வேர் பிடித்தபின், மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றினால் போதும். வறட்சியைத் தாங்கும் இச்செடி, நீர் தேங்கினால் வேர் அழுகி மடியும். எரு மிகுந்தால் இலை தழைக்கும், பூ குறையும்.

இதன் நச்சுத்தன்மையால் ஆடு மாடுகள் இதைத் தின்பதில்லை. அந்த நச்சிலேயே மருந்தும் இருக்கிறது. 1958-இல் கனடாவில் நோபிள், பீர் என்னும் அறிஞர்கள் இதன் இலையிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தனர். பின்னர் இச்செடியிலிருந்தே கிடைத்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று.

சர்க்கரை நோய்க்கென்று இதன் இலையையோ பூவையோ வீட்டில் கஷாயம் வைத்துக் குடிப்போர் உண்டு. அது ஆபத்து. ஆய்வுக்கூடத்தில் அளந்து எடுத்தால் மருந்து. அடுப்பில் கொதிக்க வைத்தால் நஞ்சு. தோழியரே, இதை உங்கள் வீட்டுப் பெரியோருக்கும் சொல்லுங்கள். செடியை முற்றத்தில் வளர்ப்போம். மருந்தை மருத்துவரிடமே பெறுவோம்.