உங்களுக்குத் தெரியுமா? ஒரே பக்கம், பல கைகள்

தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலருக்கான கட்டுரையைக் கோலசிலாங்கூரில் ஒருவரும் பெஸ்தாரி ஜெயாவில் ஒருவரும் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்த முன்னாள் மாணவரும் ஒரே நேரத்தில் எழுதலாம். அதற்கான திறமூல மென்பொருள்தான் எதர்பேட். ஒவ்வொருவர் எழுத்துக்கும் தனி வண்ணம். இருவர் ஒரே வரியில் கைவைத்தாலும் குழப்பமில்லை: ஒருவர் சேர்த்த எழுத்துகளுக்கேற்ப மற்றவர் திருத்தம் விழவேண்டிய இடத்தைக் கணக்கிட்டு நகர்த்தி, எல்லாத் திரைகளிலும் ஒரே வடிவத்தைக் காட்டும். காலக்கோட்டை இழுத்தால் கட்டுரை வளர்ந்த விதம் முழுவதும் தெரியும். மாணவருக்கு எழுத்துப் பயிற்சி தருவோருக்கு இது பெரிய வரம்.

2008-இல் இதை வெளியிட்டது ஆப்ஜெட் நிறுவனம். 2009 டிசம்பரில் கூகுள் அதை வாங்கியபோது சேவை மூடப்படும் என்றார்கள். பயனர்கள் விடவில்லை. அதே மாதம் மூலநிரல் அப்பாச்சி உரிமத்தில் பொதுவுக்கு வந்தது. சொந்த சர்வர் இருந்தால் எந்தப் பள்ளியும் இதை உரிமக் கட்டணமின்றி நிறுவலாம்.