ஆறிய சோற்றில் ஏறும் முறுக்கு

“சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாதாமே?” என்று ஒரு வாசகர் கேட்கிறார். தேங்காயெண்ணெய் சேர்த்து வேகவைத்துக் குளிரவைத்தால் கலோரி பாதியாகக் குறையக்கூடும் என்று 2015-ல் ஓர் இலங்கை மாணவர் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் சொன்னார். அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. சர்க்கரை ஏறாது என்பது பொய். ஏற்றம் சற்றுக் குறையலாம் என்பதே உண்மை.

அரிசி வேகும்போது மாவுச்சத்தின் இழைகள் நீர் குடித்துப் பிரிந்துவிடுகின்றன. ஆறும்போதுதான் அதிசயம். அமைலோஸ் என்ற நீள இழைகள், தென்னை நாரைக் கயிறாகத் திரிப்பதுபோல, இரண்டிரண்டாகச் சேர்ந்து முறுக்கிக்கொள்கின்றன. தனி நாரை நறுக்கித் தள்ளும் அமைலேஸ் நொதியால் முறுக்கேறிய கயிற்றில் வாய் வைக்க முடிவதில்லை. நீள நார்க் கயிறு கொதிநீரிலும் அவிழாது. கிளைகிளையான அமைலோபெக்டினோ கட்டை நார். அதன் முறுக்கு சுடவைத்ததும் விட்டுப்போகும். ஃப்ரிட்ஜில் விறைத்த பருக்கை சூட்டில் மறுபடி குழைவது அதனால்தான்.

அவிழாத கயிறு பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே அதைப் பிரிப்பதில் கைதேர்ந்தது ருமினோகாக்கஸ் புரோமி என்ற பாக்டீரியா. அது பிரித்துப் போட்டதை மற்றவை புளிக்கவைத்து பியூட்டிரேட் ஆக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு ஏறத்தாழ 70 சதவீத ஆற்றல் இதிலிருந்துதான். ரத்தத்தை எதிர்பார்க்காமல் குடலுக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்கின்றன! அந்த பாக்டீரியா இல்லாத குடல்களும் உண்டு. அங்கே கயிறு பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும்.

1982-ல் கேம்பிரிட்ஜில் நார்ச்சத்தை அளந்துகொண்டிருந்த ஹான்ஸ் இங்லிஸ்ட் குழுவினர் செரிக்காமல் தப்பும் இந்த மாவுச்சத்தை இனங்கண்டார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

கணக்குக்கு வருவோம். 2015-ல் வெளியான ஓர் இந்தோனேசிய ஆய்வில், 100 கிராம் சுடுசோற்றில் இந்தச் செரிக்காத மாவுச்சத்து 0.64 கிராம், ஒரு நாள் குளிரவைத்துச் சூடாக்கியதில் 1.65 கிராம். சாப்பிட்ட 15 பேருக்குச் சராசரியாகச் சர்க்கரை ஏற்றம் சற்றுக் குறைந்தது. ஆனால் 100 கிராம் சோற்றில் மொத்த மாவுச்சத்து 28 கிராம் அளவுக்கு இருக்கிறதே! மிச்சமெல்லாம் வழக்கம்போல் குளுக்கோஸாகத்தான் மாறும். கலோரி பாதியாவது எங்கே?

ஆகவே, இதை நம்பி மாத்திரையைக் குறைக்காதீர்கள். சோற்றை வெளியே ஆறப்போட்டு மறந்துவிடாதீர்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா அதில் உண்டாக்கும் நச்சு ஒன்று, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. நீர் ஊற்றிய பழைய சோற்றுக்கு லாக்டிக் அமிலம் ஓரளவு காவல். வெறும் சோற்றுக்கு அதுவும் இல்லை. வடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.