பிடில் வித்வான் ஹூபர்மனின் மறுப்பு

ஸங்கீதத்திற்கும் ராஜீய விவகாரங்களுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லுவோர் எக்காலத்திலும் உண்டு. வித்வானுடைய வேலை வாசிப்பது. எவருடைய ஆட்சியில் வாசிக்கிறோம் என்று விசாரிப்பது அவன் வேலையன்று என்பது அவர்கள் கட்சி. 1933-ம் வருஷத்தில் இக்கட்சி ஐரோப்பாவின் தலைசிறந்த பிடில் வித்வான்களில் ஒருவர் முன் வைக்கப்பட்டது. அவர் அளித்த விடையை நம் நேயர்கள் அறிந்திருத்தல் நலம்.

பிரோனிஸ்லாவ் ஹூபர்மன் 1882-ம் வருஷம் டிசம்பர் 19-ந் தேதி போலந்தில் செஸ்டோகோவா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். போலந்து என்று எழுதிவிட்டோம்; அன்று அப்பெயருடன் ஒரு ராஜ்யம் தேசப்படத்தில் இல்லை. மூன்று வல்லரசுகள் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன; அவர் ஊர் ருஷ்யச் சக்கரவர்த்தியின் பங்கிலிருந்தது. 1892-ல், பத்து வயது நிரம்புமுன், பெர்லினில் யோவாகிம் என்னும் மஹா வித்வானிடம் வாசித்துக் காட்டி அவரை வியக்கச் செய்தார். 1896-ல் வியன்னாவில், பிராம்ஸ் இயற்றிய பிடில் கன்ஸர்ட்டோவை, பிராம்ஸே சபையில் அமர்ந்து கேட்க, பதின்மூன்று வயதுப் பாலகனாக வாசித்தார். பெரிய வாத்திய கோஷ்டியின் எதிரே பிடில் தனித்து நின்று வாதாடும் உருப்படி அது, தேர்ந்தவர்களும் அஞ்சுவது. பால மேதைகள் பலர் மீசை முளைத்ததும் மங்கிவிடுவதுண்டு. இவர் மங்கவில்லை.

1914-ல் தொடங்கிய மஹா யுத்தம் அவர் சிந்தையை ஸங்கீதத்திற்கு வெளியிலும் திருப்பியது. ஐரோப்பிய தேசங்கள் ஒன்றுபட வேண்டுமென்று பேசினார். 1932-ல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார்.

மறு வருஷம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். யூத வித்வான்கள் வாத்திய கோஷ்டிகளிலிருந்தும் ஸங்கீத கலாசாலைகளிலிருந்தும் துரத்தப்பட்டனர். அச்சமயத்தில் பெர்லின் பில்ஹார்மானிக் கோஷ்டியின் தலைவர் ஃபுர்ட்வெங்லர், தம்முடன் வாசிக்க வருமாறு ஹூபர்மனை அழைத்தார். ஃபுர்ட்வெங்லரைத் தீயவர் என்று தள்ளிவிடுதல் நியாயமாகாது. கலையில் நல்லது, கெட்டது என்ற பேதமன்றி யூதர், யூதரல்லாதார் என்ற பேதம் கூடாதென்று அவர் கோயபல்ஸுக்குப் பகிரங்கமாகவே எழுதியவர். பிரிந்துநிற்கும் சுவரை உடைக்க யாரேனும் ஒருவர் முன்வர வேண்டுமென்பது அவர் வாதம். கேட்பதற்கு எவ்வளவு இனிமை!

ஹூபர்மன் மறுத்தார். விஷயம் பிடில் கச்சேரியைப் பற்றியதன்று, யூதரைப் பற்றியது மட்டுமன்று. ஐரோப்பிய நாகரிகம் எவற்றின்மேல் நிற்கிறதோ அந்த அடிப்படைகளையே பற்றியது என்று பதிலெழுதினார். சட்டம் பயின்ற நமக்கு இம்மறுப்பின் நுட்பம் தெளிவாகவே புலப்படுகிறது. புகழ் பெற்ற ஒருவருக்கு விதிவிலக்கு அளிக்கிறார்கள். அதை அவர் ஏற்றுக்கொண்டால், பெயரில்லாத ஆயிரம் பேர்மீது பாய்ந்த விதியையும் ஒப்புக்கொண்டவராகிறார். இத்தகைய மறுப்பை நம் தேசத்தார் ஒத்துழையாமை என்ற பெயரால் நன்கறிவர்.

மறுத்ததோடு அவர் நிற்கவில்லை. 1936 மார்ச்சில் மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகை வாயிலாக ஜெர்மன் அறிஞர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, அவர்களுடைய மௌனத்தையே குற்றமாகச் சாட்டினார். வேலையிழந்த வித்வான்களைப் பொறுக்கியெடுத்துப் பாலஸ்தீனத்தில் ஒரு வாத்திய கோஷ்டி அமைத்தார். அந்நாடு அப்போது பிரிட்டிஷார் கையிலிருந்தது. அராபியரின் கிளர்ச்சியும் அவ்வருஷமே மூண்டது. அம்மண்ணின் உரிமை வழக்கு பெரிது, இக்கட்டுரையில் அடங்காது. குடும்பத்தாரையும் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் உயிர்கள் இதனால் தப்பியதாகக் கணக்கிடுகிறார்கள். 1936 டிசம்பர் 26-ல் டெல் அவிவில் நடந்த முதற் கச்சேரியைப் பாஸிஸ்டுகளின் பகைவரான டாஸ்கனினி, சன்மானம் ஏதும் பெறாமல் நடத்திக் கொடுத்தார்.

துன்பங்கள் குறைவில்லை. அதே வருஷம் பிப்ரவரியில் நியூயார்க்கில் கார்னகி மண்டபத்தில் அவர் வேறொரு பிடிலை வாசித்துக் கொண்டிருக்கையில், 1713-ல் ஸ்ட்ராடிவாரி செய்த அவரது அருமைப் பிடில் உள்ளறையிலிருந்து களவு போயிற்று. திருடியவன் 1985-ல் மரணப்படுக்கையில்தான் உண்மையைச் சொன்னான். 1937-ல் சுமத்ராவில் விமான விபத்தில் இடது கை முறிந்தது. பிடில்காரனுக்கு ஸ்வரங்கள் பிறக்கும் கை அது. விரல்களை மீண்டும் பழக்கி 1938-ல் மேடையேறினார்.

1947 ஜூனில் ஸ்விட்ஜர்லாந்தில் காலமானார். செஸ்டோகோவாவின் யூத ஆலயத்தை 1939 டிசம்பரில் நாஜிகள் ஆண்டபோது கொளுத்தினார்கள். அவ்விடத்தில் இன்று அந்நகரத்தின் பில்ஹார்மானிக் ஸங்கீத மண்டபம் நிற்கிறது. அந்த ஸ்தாபனத்திற்கு ஹூபர்மனின் பெயரை இட்டிருக்கிறார்கள்.